இயேசுவும் யூதர்தானே, டீச்சர்?



வகுப்பறையில் ஆசிரியர் போகிற போக்கில் சொல்லும் ஓர் எடுத்துக்காட்டு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் சொன்ன ஓர் எடுத்துக்காட்டு நான்கே வாரத்தில் என்னிடம் திரும்பி வந்தது. ஒரு சிறுவனின் கண்ணீரோடு வந்தது. அதனை எழுத வேண்டுமா என்று பலநாள் தயங்கினேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்கும் இவ்வலைப்பூவில் என் வெற்றிகளை மட்டும் எழுதிக் கொண்டிருப்பது முறையன்று என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் பணியாற்றுவது கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில். 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்துக் கன்று நட்டவர்களுள் நம் முன்னோர் பலர். இன்று கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்களின் பிள்ளைகள் பலர் தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் ஈப்போவுக்கும் குடிபெயர்ந்து விட்டனர். ஆயினும் லயத்து வீடுகள் சில இருக்கின்றன; மாரியம்மன் கோயில் இருக்கிறது; அதற்குச் சற்று மேலே, தகரக் கூரை வேய்ந்த சிறு தேவாலயமும் இருக்கிறது.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒன்பது மாணவர்கள். எழுவர் இந்துக்கள், இருவர் கிறித்தவர்கள். நானும் இந்துதான். பெயர்களை இங்கே குறிப்பிடப் போவதில்லை.

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், தமிழ்மொழிப் பாடத்தில் கட்டபொம்மன் பற்றிய பகுதி ஒன்றைப் படித்துக் கொண்டிருந்தோம். 'காட்டிக் கொடுத்தல்' என்னும் மரபுத்தொடருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. "எட்டப்பன் வேலை என்று சொல்வார்கள், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? யூதாஸ் என்றும் சொல்வார்கள்," என்றேன். யூதாஸ் யார் என்று ஒரு மாணவி கேட்டாள். "இயேசுவை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக் கொடுத்தவன். யூதன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எங்கோ கேட்டது, எப்படியோ வாயில் வந்தது. நம் நாட்டில் அச்சொல்லைப் பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் பேச்சிலும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வசையாகவே கேட்டிருக்கிறார்கள். நான் அதற்கு வகுப்பறையின் முத்திரையையும் குத்திக் கொடுத்து விட்டேன்.

ஏப்ரல் மாதத்தில், பள்ளித் தோட்டத்திலிருந்த பூச்சட்டி ஒன்று பந்து பட்டு உடைந்தது. யார் உடைத்தது என்று கேட்டேன். எவரும் வாய் திறக்கவில்லை. கிறித்தவப் பிள்ளைகளுள் ஒருவனான அந்த மாணவனை நேராகப் பார்த்துக் கேட்டபோது அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். நான் அவனைப் பாராட்டினேன். அது வியாழக்கிழமை. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அன்று நான் ஒரு சோதனை வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை, வகுப்பின் முன்னிலையிலேயே கேட்டேன். "சோதனை நாளில் ஏன் வரவில்லை? கடிதம் எங்கே?"

"பெரிய வெள்ளி, டீச்சர்," என்றான்.

"அது இங்கே பொது விடுமுறை இல்லையே," என்றேன். சபாவிலும் சரவாக்கிலும் அந்நாள் பொது விடுமுறை, பகாங்கில் இல்லை. நான் சொன்னது உண்மைதான். சொன்ன விதந்தான் உண்மைக்குப் பொருந்தாத கடுமை.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "யூதாஸ் கோயிலுக்குப் போயிருப்பான், டீச்சர்!" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் முகம் கோணிற்று. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கொண்டான். வியாழக்கிழமை மாலையிலிருந்தே அந்தப் பெயரால்தான் அவனை அழைக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

"யார் உங்களுக்கு இப்படிப் பேசக் கற்றுக் கொடுத்தது?" என்று அதட்டினேன்.

"நீங்கதான் டீச்சர் சொன்னீங்க. காட்டிக் கொடுத்தா யூதாஸ். யூதன்," என்றான் பின்வரிசை மாணவன். அவன் குறும்பாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னான்.

கவிழ்ந்திருந்த தலை நிமிர்ந்தது. "இயேசுவும் யூதர்தானே, டீச்சர்? மாதாவும் யூதர்தான். எங்க தாத்தா சொன்னாங்க."

எனக்கு விடை தெரியவில்லை. அது சரியா தவறா என்றே உறுதியாகத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நன்னெறிக் கல்வி கற்பிக்கும் முறைகளைப் பயின்றிருக்கிறேன். பிறர் நம்பிக்கையை மதித்தல் என்னும் பண்பை ஆண்டுதோறும் பாடத்திட்டத்தில் எழுதி வருகிறேன். ஆனால் மதிக்கச் சொல்லும் அந்த நம்பிக்கைகள் எவை என்பதை நான் எந்நாளும் தேடிப் படித்ததில்லை. "சரி, புத்தகத்தைத் திறங்கள்," என்றேன். விடை தெரியாத ஆசிரியரின் பழைய புகலிடம் அது!

அவ்வாரச் சனிக்கிழமை அம்மாணவனின் தாத்தாவைப் பார்க்கப் போனேன். பல்லாண்டுகள் தோட்டத்தில் மருந்து தெளித்தவர், அத்தேவாலயத்தின் உபதேசியார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார் என்றிருந்த காலத்தில், மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்தியதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தாம்.

மூடுபனி வாசல்வரை வந்திருந்தது. கட்டிலில் அமர வைத்துத் தே-ஓ கலக்கிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதுமே கையமர்த்தினார்.

"பையன் திங்கட்கிழமையே இனிமே பள்ளிக்கூடம் போக மாட்டேன்னான், டீச்சரம்மா. நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். டீச்சருக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

அந்தச் சொல் என்னைக் கடிந்து கொண்டதைவிட மிகுதியாகச் சுட்டது.

"ஐயா, இயேசு யூதர்தானா?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு சீடரும் யூதர்தாம்மா. ஒருத்தர் செஞ்சதுக்கு மத்த பதினொரு பேர் மேலயும் பழி போடலாமா?"

பிறகு அவர் மேலும் ஒன்று சொன்னார். சீடர்களுள் யூதாஸ் என்ற பெயருடையவர் இருவர். ஒருவர் காட்டிக் கொடுத்த யூதாஸ் இஸ்காரியோத்து. மற்றவர் யூதா ததேயு. கத்தோலிக்கர்கள் புனிதராக வணங்குபவர். இரண்டும் ஒரே எபிரேயப் பெயரின் வடிவங்கள்தாம். குழப்பம் நேராதிருக்க ஒருவரை யூதாஸ் என்றும் மற்றவரை யூதா என்றும் வழங்குகிறோம். யாக்கோபின் பன்னிரு மக்களுள் ஒருவர் பெயர் அது; அவர் வழியினரின் நாடு யூதேயா ஆயிற்று, மக்கள் யூதர் ஆயினர். ஆக, நான் வசையாகக் கையாண்ட சொல் ஒரு மக்களினத்தின் பெயர். ஒரு புனிதரின் பெயரும்கூட!

அன்று அவரிடமிருந்து பழைய திருவிவிலியம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அடுத்த இரு வாரங்கள் இரவு நேரங்களில் அதையும், கிடைத்த வரலாற்று நூல்களையும் படித்தேன். மதத்தைத் தழுவும் நோக்கத்தோடு அன்று; பாடம் நடத்த வேண்டியவள் முதலில் பாடம் படிக்க வேண்டும் என்பதற்காக. அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன். என்னைப் போலவே அறியாதிருக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும்.

யூதர்களின் நம்பிக்கைக்கு அடிப்படை மூன்று என்று சொல்லலாம். கடவுள் ஒருவரே என்பது ஒன்று. அவர் ஆபிரகாமோடும் அவர் வழித்தோன்றல்களோடும் உடன்படிக்கை செய்து கொண்டார் என்பது மற்றொன்று. அவ்வுடன்படிக்கைக்கு ஏற்ப வாழும் நெறியை மோசே வழியாகத் தந்தார் என்பது மூன்றாவது. அந்நெறியைக் கூறும் ஐந்து நூல்களைத் தோரா என்பர். அதில் 613 கட்டளைகள் உள்ளன என்பது அவர்களின் மரபுக் கணக்கு. என்ன உண்பது, எப்படி வழிபடுவது என்பதோடு, கூலியாளுக்கு அன்றன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்பன போன்ற அறங்களும் அவற்றுள் அடக்கம்.

என்னை மிகவும் ஈர்த்தது விடுதலைப் பயணத்தின் கதை. பழைய மொழிபெயர்ப்பில் அதனை யாத்திராகமம் என்பர். எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்கள் செங்கல் அறுக்கிறார்கள். மன்னனாகிய பார்வோன் செங்கலுக்கு வேண்டிய வைக்கோலைக் கொடுப்பதை நிறுத்தி விடுகிறான்; ஆனால் நாளொன்றுக்கு அறுக்க வேண்டிய செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. கணக்குக் குறைந்தால் அடி விழுகிறது. சீர்திருத்தச் சபையினர் வழங்கும் தமிழ் வேதாகமத்தில் அந்த வேலைவாங்கிகளுக்கு 'ஆளோட்டிகள்' என்று ஒரு சொல் உண்டு. அதைப் படித்தபோது சற்று நிறுத்திக் கொண்டேன். எங்கள் பாட்டி கதை சொல்லும்போது கங்காணி, தண்டல் என்ற சொற்களை உச்சரிக்கும் தொனி நினைவுக்கு வந்தது. மழை பெய்து கொழுந்து குறைந்த நாளிலும் நிறை குறையக்கூடாது என்பார்களாம். மூவாயிரம் ஆண்டுக் கதை, நம் லயத்துத் திண்ணையில் சொல்லப்பட்ட கதை போலவே இருந்தது!

அந்த அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் விழாவே பாஸ்கா. எபிரேய மொழியில் பெசாக் என்பர். நிசான் மாதத்து முழுநிலவில் தொடங்குவது. நம் பங்குனி உத்திரம் போல நிலவை ஒட்டிய விழா. அவர்களின் நாட்காட்டியும் திங்களை ஒட்டியது. பருவம் தப்பாதிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பாஸ்கா இரவில் புளிக்காத அப்பம் உண்பார்கள். மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமின்றி முன்னோர் புறப்பட்டதன் நினைவு அது. கசப்புக் கீரையும் உண்பார்கள். அடிமை வாழ்வின் கசப்பை நாக்கு மறந்துவிடக்கூடாது என்பதற்காக.

அவ்விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளை எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் வேறுபட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். பிள்ளை கேட்ட பிறகே பெரியவர்கள் வரலாற்றைச் சொல்வார்கள். குழந்தையின் வினாவைக் கொண்டு தொடங்கும் விழா! கேள்வி கேட்டவனிடம் 'புத்தகத்தைத் திற' என்று சொன்ன நான், அந்தப் பக்கத்தைப் படித்தபோது வெட்கப்பட்டேன்.

இயேசு இவ்விழாவைக் கொண்டாடி வளர்ந்தவர். எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டவர். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குச் சென்றவர். பேசியது அரமேய மொழி. கிறித்தவர்கள் பெரிய வியாழனன்று நினைவுகூரும் இறுதி இராவுணவு, மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரின் நற்செய்திகளின்படி பாஸ்கா விருந்தே. கிறிஸ்து என்பது பெயரன்று. மெசியா என்னும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு. 'எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப்பட்டவர்' என்பது பொருள். இவரே அந்த மெசியா என்று நம்பிய முதல் கிறித்தவர்களும் யூதர்களே. அவர்கள் எருசலேம் ஆலயத்துக்குப் போனார்கள்; வீடுகளில் கூடி அப்பம் பகிர்ந்தார்கள்.

பிற இனத்தாரும் சேரத் தொடங்கியபோதுதான் பெரியதொரு வினா எழுந்தது. சேருகிறவர்கள் யூதச் சட்டங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டுமா? ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிப் பேசி, விருத்தசேதனத்தை அவர்கள்மேல் சுமத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்காக வாதாடியவர் பவுல். கி.பி. 70-இல் உரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலியிடும் ஆலயம் இல்லாமற்போகவே, யூதர்கள் மறைநூல் ஓதுதலையும் தொழுகைக்கூடத்தையும் இல்லத்து வழிபாட்டையும் ஊன்றுகோலாகக் கொண்டனர். கிறித்தவர்கள் தனி வழியில் நடந்தனர். உரோமைப் பேரரசில் பல முறை துன்புறுத்தப்பட்டு, 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் வழிபாட்டுரிமை பெற்றனர். ஒரே வீட்டில் பிறந்த இரு பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனது போலத்தான் அது.

தனிக்குடித்தனம் போனது மட்டுமானால் கேடில்லை. ஒரு யூதாஸின் குற்றத்தை ஓர் இனத்தின் குற்றமாக்கிப் பேசும் வழக்கம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. ஐரோப்பாவில் யூதர்கள் துரத்தப்பட்டனர். தனித் தெருக்களில் அடைக்கப்பட்டனர். 20-ஆம் நூற்றாண்டில் நாஜிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். இயேசுவின் பாடுகளுக்காக அக்கால யூதர் அனைவர் மீதோ இக்கால யூதர் மீதோ பழி சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தெளிவாக அறிவித்தது. பாலஸ்தீன மக்களின் துயரை நாம் நாள்தோறும் செய்திகளில் காண்கிறோம், மனம் பதறுகிறது. ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது வேறு. ஓர் இனத்தின் பெயரை வசைச்சொல்லாக்கிப் பிள்ளைகளின் நாவில் வைப்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பத்து வயதிலேயே சொல்லித் தர இயலும் என்றே நம்புகிறேன்.

தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு மேலும் சில வியப்புகள் காத்திருந்தன. சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் மயிலும் ஒன்று என்று எபிரேய வேதநூல் கூறுகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல், தமிழ்த் 'தோகை'யிலிருந்து சென்றது என்று கால்டுவெல் எழுதினார். எல்லா அறிஞரும் இதை ஏற்பதில்லை; ஆகவே இதனை ஒரு கருத்தாகவே மாணவர்களிடம் சொல்ல வேண்டும். ஐயமற்ற சான்றுகளும் உண்டு. சேரநாட்டில் பாஸ்கர ரவி மன்னன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யூத வணிகர் தலைவன் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பகல்விளக்கும் பல்லக்கும் குடையும் அவ்வுரிமைகளுள் சில. அதற்கும் முன்பே, 849-இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு வேணாட்டு ஐயனடிகள் கொடுத்த செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் உள்ளன. ஒரு கோயிலுக்கு இன்னொரு மதத்தார் சாட்சி நின்றிருக்கிறார்கள்! சீடர்களுள் ஒருவரான தோமா மயிலாப்பூர்வரை வந்து மறைந்தார் என்பது மரபு. சாந்தோமும் பறங்கிமலையும் அந்நினைவைச் சுமக்கின்றன. அவரும் யூதரே.

நம் மலேசிய மண்ணிலும் அவர்கள் வாழ்ந்ததுண்டு. பினாங்கில் யூதர் கல்லறைத்தோட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. அச்சாலைக்கு முன்பு யாஹூடி சாலை என்றே பெயர். இன்று ஜாலான் சைனால் அபிடின். பள்ளி விடுமுறையில் போனேன். வாயில் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு இடையே எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைகளைப் பார்த்துக் கொண்டு சிறிது நேரம் நின்றேன். வாழ்ந்து மறைந்த அண்டை வீட்டாரின் வாசலில் நிற்பது போலிருந்தது.

ஆனால் அது பின்னர் நடந்தது. அதற்கு முன், வகுப்பில் நான் செய்ய வேண்டிய கடன் ஒன்றிருந்தது.

மே மாதத் தொடக்கத்தில், நன்னெறிக் கல்விப் பாடவேளை ஒன்றுக்குத் திட்டம் எழுதித் தலைமையாசிரியரிடம் காட்டினேன். பெற்றோர்களுக்கும் செய்தி அனுப்பினேன். ஒரு தந்தை அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். "என்ன டீச்சர், பிள்ளைகளை வேதத்தில் சேர்க்கப் போறீங்களா?" என்றார். பின்வரிசை மாணவனின் தந்தை அவர். அவர் அச்சத்தை நான் இகழவில்லை. அத்தகைய அச்சம் நம் குடும்பங்களில் உண்டு. பாடத்திட்டத்தைப் படித்துக் காட்டினேன். "வழிபாடு எதுவும் இல்லை, அண்ணே. நான் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்ட ஒரு சொல்லைத் திருத்தப் போகிறேன். அவ்வளவுதான்," என்றேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். "தப்புன்னா திருத்தணும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாடத்தை நாட்காட்டியிலிருந்து தொடங்கினேன். மலாய் மொழியில் கிழமைகளைச் சொல்லச் சொன்னேன். அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ், ஜுமாஆட், சப்து என்று பாடினார்கள். பிறகு எபிரேயக் கிழமைகளைக் கரும்பலகையில் எழுதினேன். ரிஷோன், ஷேனி, ஷெலிஷி, ரெவிஈ, ஹமிஷி, ஷிஷி, ஷபாத்.

"டீச்சர், செலாசா மாதிரி ஷெலிஷி!"

"காமிஸ் மாதிரி ஹமிஷி!"

"சப்து, ஷபாத்!"

வகுப்பு கூவியது. அரபும் எபிரேயமும் ஒரே மொழிக்குடும்பம்; மலாய் மொழி கிழமைப் பெயர்களை அரபிலிருந்து பெற்றது. ஷபாத் என்றால் ஓய்வுநாள். வெள்ளி மாலை கதிரவன் மறைந்தது முதல் சனி இரவு வரை. அந்நாளில் வீட்டுத் தலைவன் மட்டுமன்றி வேலைக்காரரும் அயலாரும் மாடும் கழுதையும்கூட ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம் என்றேன். "மாட்டுக்கும் லீவா?" என்று ஒருத்தி கேட்டாள். நம் மாட்டுப்பொங்கல் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லாத நாளுக்காகத் தோட்டத்தில் தன் அம்மாயி எப்படிக் காத்திருப்பார் என்று இன்னொருவன் சொன்னான்.

அடுத்துப் பெயர்களுக்குப் போனோம். மரியம்மாள் என்பது மிரியாம். சூசை என்பது யோசேப்பு. அருளப்பன் என்று தோட்டத்தில் எத்தனை பேர்! யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் 'கடவுள் அருள்புரிகிறார்' என்று பொருள். அதைத் தமிழாக்கியவர்கள் அருளப்பர் என்றனர். பவுல் என்றால் இலத்தீனில் 'சிறியவர்', ஆகவே சின்னப்பர். தன் பெரியப்பாவின் பெயருக்கு இதுதான் பொருளா என்று அம்மாணவன் முதன்முறையாக வாய் திறந்தான்.

பிறகு கரும்பலகையில் 'யூதாஸ்' என்று எழுதினேன். வகுப்பு அமைதியாயிற்று. அப்பெயருடைய இருவரைப் பற்றியும் சொன்னேன். பன்னிருவரும் யூதர் என்று சொன்னேன். இயேசுவும் அவர் தாயும் யூதர் என்று சொன்னேன்.

"மார்ச் மாதத்தில் நான் உங்களுக்கு ஒன்றைத் தவறாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவன் செய்த குற்றத்தோடு அவன் இனத்தின் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். அது தவறு. நீங்கள் என்னிடம் கற்றதைத்தான் நண்பனிடம் சொன்னீர்கள். ஆகவே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்," என்றேன். அம்மாணவனைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். பூச்சட்டியைப் பற்றி உண்மை சொன்னது காட்டிக் கொடுத்தல் அன்று என்பதையும் விளக்கினேன். நம்பியவரைப் பணத்துக்கு விற்பது வேறு. கேட்கும்போது பொய் சொல்லாதிருப்பது வேறு.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தான். பின்வரிசை மாணவன் பாடவேளை முடிந்ததும் அவன் மேசைக்குப் போய் எதையோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது உண்மையன்று. அவன் என்னிடம் பழையபடி கலகலப்பாகப் பேச மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. ஆசிரியரின் ஒரு சொல் புண்படுத்த ஒரு நொடி போதும். ஆறுவதற்குப் பிள்ளைக்கு வேண்டிய காலத்தை நாம் குறித்துக் கொடுக்க முடியாது. பெரிய வெள்ளியன்று நடத்திய சோதனையை அவனுக்கும் மற்றொரு கிறித்தவப் பிள்ளைக்கும் தனியே நடத்தினேன். இப்போது ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் விழா நாள்களையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக் கொள்கிறேன்.

இறுதியாக ஒன்று. அன்று மணியடித்து, நான் புத்தகங்களை எடுத்து வைத்துக் கொண்டிருந்தபோது, யூதாஸ் யார் என்று மார்ச் மாதத்தில் கேட்ட அதே மாணவி என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், அப்படின்னா எட்டப்பன்?"

"எட்டப்பனுக்கு என்ன?"

"அவருக்கும் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க இருப்பாங்கல்ல? அவங்களையும் எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவாங்க?"

எட்டப்பன் என்பது தனி ஒருவரின் பெயரன்று. எட்டயபுரத்தை ஆண்ட பாளையக்காரர் பரம்பரைக்கே உரிய பட்டம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-ஆம் ஆண்டை வைத்து அந்தப் பரம்பரை முழுவதையும் ஒரு சொல்லில் அடைத்துவிட்டோம். நம் பாரதி பிறந்ததும் அந்த எட்டயபுரத்தில்தான். இதுவெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆனால் இம்முறை நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை.

"தெரியவில்லை, அம்மா. தேடிப் படித்துவிட்டு வருகிறேன். நீயும் தேடு," என்றேன்.